லைன் வீடுகள் இடம் மாறிய வாரம்

“நான் நவுர மாட்டேன், போங்க!”

கையைக் கட்டிக்கொண்டு, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, ஐந்து கோணிச் சாக்குகளில் நடுச்சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தான் நாலு வயது முருகேசன். அந்த விளையாட்டில் அவன் முருகேசன் இல்லை. எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளில் நடு வீட்டில் குடியிருந்த வாட்ச்மேன் பெருமாள்.

கடைசிச் சாக்கில் ஒரு வாண்டு, பாவாடைக்குள் துண்டைச் சுருட்டி வைத்து வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றது. அது ராணி. முதல் சாக்கில் இடுப்பில் கை வைத்து முறைத்துக்கொண்டிருந்தது மாரியாயி. இரண்டாவது சாக்கில் ‘டுர்ர்ர்’ என்று ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தது என் அண்ணன். நாலாவது சாக்கு காலி.

வெளியே தூறல். கொட்டகையின் தகரக் கூரை சடசடத்தது. சாக்குகளில் காய்ந்த காப்பி வாசம். மற்ற பிள்ளைகள் சுற்றி நின்று, “மாரியாயி அங்க போகக்கூடாது! ராணி பக்கத்துல வந்துரும்!” என்று கூச்சல் போட்டார்கள்.

நான் கையில் சாக்பீஸோடு நின்றேன். திடீரென்று ஒன்று புரிந்தது. காது மடல் இரண்டும் சூடாகிவிட்டன. எனக்கு அப்போது இருபது வயதுகூட முழுதாக ஆகவில்லை.

மலைக்கு வந்த கதை

எழுபதுகளின் கடைசி. வருஷம் சரியாக நினைவில்லை. தீபாவளி முடிந்து காப்பிப் பழம் பறிப்பு தொடங்கியிருந்தது என்பது மட்டும் நிச்சயம். பழத்தின் தோலை உரிக்கும் பல்ப்பர் மெஷின் ஓடிக்கொண்டிருந்ததே!

அப்பா போன பிறகு சேலத்து வாடகை வீட்டைக் காலி செய்ததைப் போன வாரம் எழுதியிருந்தேன். பி.யூ.சி.யில் கணக்கில் நல்ல மார்க் இருந்தும் மேலே படிக்க வழியில்லை. ஏற்காட்டுப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் ஜீப் டிரைவராக இருந்த அண்ணன் என்னைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போனான்.

அடிவாரம் வரைக்கும் பஸ்ஸில் ஜன்னலோரம் மகாராணி மாதிரிதான் உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் என் ராஜ்ஜியம் கவிழ்ந்தது. பக்கத்தில் இருந்த அம்மாள் ஒரு ஆரஞ்சுத் தோலைக் கிள்ளி என் மூக்கில் வைத்து, “மோந்துக்க கண்ணு, மலை ஏறுனாச் செரியாப் போயிரும்” என்றார். ஏறுகிற வரைக்கும் சரியாகவில்லை. ஏறிய பிறகு சரியாகிவிட்டது.

எஸ்டேட்டில் எனக்கும் ஒரு வேலை கிடைத்தது. பழம் பறிக்கப் போகிற தாய்மார்களின் குழந்தைகளைப் பகல் முழுக்கப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் கொட்டகையில் டீச்சர். அனா ஆவன்னா, கஞ்சி, மூக்குத் துடைப்பு, தாலாட்டு எல்லாம் அதில் அடக்கம்.

ஐந்து வீடு, நாலு குடும்பம்

எங்கள் லைன் சின்னது. ஒரே வரிசையில், சுவரோடு சுவர் ஒட்டி ஐந்து வீடுகள். ஒரு கோடியில் தண்ணீர்க் குழாய். மறு கோடியில், கொஞ்சம் மேட்டில், பல்ப்பர் கொட்டகை.

குழாயை ஒட்டிய முதல் வீட்டில் மாரியாயி. அவள் வீட்டுக்காரர்தான் பல்ப்பரை ஓட்டுகிறவர். இரண்டாவது வீட்டில் அண்ணனும் நானும். மூன்றாவதில் தனிக்கட்டை பெருமாள். நாலாவது காலி. பல்ப்பரை ஒட்டிய ஐந்தாவதில் ராணியும் அவள் புருஷன் செல்வனும்.

செல்வன் மாரியாயியின் கூடப்பிறந்த தம்பி. தன் வீட்டுக்காரரின் தங்கையைத்தான் தம்பிக்குக் கட்டிவைக்க வேண்டும் என்று மாரியாயி இருந்தாள். தம்பியோ கூடப் பழம் பறித்த ராணியைக் கூட்டிக்கொண்டு போய்க் கோயிலில் தாலி கட்டி வந்துவிட்டான். அன்றிலிருந்து நாத்தனாருக்கும் தம்பி பெண்டாட்டிக்கும் ஆகாது.

முதலில் அவர்கள் பக்கத்துப் பக்கத்து வீடுதான். ஒரு நாள் வார்த்தை முற்றி, ஆண்பிள்ளைகள் இருவரும் கிளை வெட்டும் கவாத்துக் கத்தியைத் தூக்கிவிட்டார்கள். நல்ல வேளையாகச் சட்டைக் கிழிசலோடு போயிற்று. மேனேஜர் ஓர் உத்தரவு போட்டார்: இந்த இரண்டு குடும்பமும் ஒரு ராத்திரிகூட ஒட்டின வீட்டில் இருக்கக்கூடாது. மீறினால் இரண்டு பேரும் சீட்டைக் கிழித்துக்கொண்டு மலை இறங்க வேண்டியதுதான்.

இன்னொரு உத்தரவும் உண்டு. முந்தின வருஷம் லைன் முழுக்கச் சிரங்கு பரவியதால், ஒரு குடும்பம் காலி செய்த வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்து, ஒரு ராத்திரி பூட்டிப் போட்ட பிறகுதான் அடுத்த குடும்பம் நுழையலாம்.

அதாவது, கையோடு கையாக வீடு மாற்றிக்கொள்ள முடியாது. மழைக் காலத்தில் சாமான்களோடு வெளியே படுக்கவும் முடியாது. காலியாகக் கிடக்கும் ஒரே வீட்டுக்கு, ஒரு நேரத்தில் ஒரு குடும்பம் நகரலாம். அவ்வளவுதான்.

இரண்டு பேரும் என்னிடம் வந்தார்கள்

ராணிக்கு ஆறாவது மாசம். பல்ப்பர் ஓடத் தொடங்கியதும் புளித்த பழத்தோல் நாற்றம் அந்தக் கோடியைத் தூக்கி அடித்தது. சோறு வாய்க்குப் போனதும் வெளியே வந்தது. போதாததற்கு, குழாயிலிருந்து மேட்டுக்குக் குடம் சுமக்க வேண்டும். ஒரு நாள் சறுக்கி உட்கார்ந்தே விட்டாள்.

“டீச்சர், நாலாம் ஊட்டுக்குப் போனாலும் இதே நாத்தந்தானுங்க. குழாயோரம் ஒரு ஊடு கெடைச்சா உசுரு தங்கும்னு இருக்குது. ரைட்டர்கிட்டச் சொல்லுங்களேன்” என்று அழுதாள்.

அதே வாரம் மாரியாயி கொல்லைச் சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். “ஏனுங் டீச்சர், இந்தக் குழாய்த் தண்ணி நிக்கவே மாட்டேங்குது. தரையெல்லாம் ஈரம். பையனுக்கு ராத்திரி முச்சூடும் மூச்சு இழுக்குது. அந்த மேட்டுக் கோடி ஊடு நொம்பக் காஞ்ச எடம். அவருக்கும் பல்ப்பருக்குப் போகக் கிட்டம். எனக்கு அந்த வாசமெல்லாம் ஒண்ணும் பண்ணாதுங்க.”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இவளுக்கு அவள் வீடு வேண்டும், அவளுக்கு இவள் வீடு வேண்டும். இருவரும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க மாட்டார்கள்.

ரைட்டரிடம் ஓடினேன். எஸ்டேட்டில் வேலைக் கணக்கு, வீட்டுக் கணக்கு எல்லாம் அவர் கையில். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நான் சொன்னதைக் கேட்டார்.

“மாத்திக்கட்டும் கண்ணு, நா வேண்டாங்கல. ஆனா உத்தரவு ரெண்டும் அப்பிடியே நிக்கோணும். இன்னொண்ணு, மேனேஜர் புது ஃபிட்டருக்குச் சொல்லிட்டாரு. அடுத்த வாரக் கடைசியில குடும்பத்தோட வந்துருவான். அன்னைக்கு அவனுக்கு ஒரு காலி ஊடு இருக்கோணும். அவன் வந்துட்டா அதுக்கப்பறம் காலியே கெடையாது. பொறவு ஒருத்தரும் அசைய முடியாது.”

என்ன செய்யலாம் என்று ராத்திரிச் சாப்பாட்டின்போது அண்ணனிடம் கேட்டேன். “நம்ம ஊட்டக் குடுத்துட்டு நாம நாலாவதுக்குப் போயிரலாமே?” என்றான். நம் வீடு மாரியாயி வீட்டுச் சுவரை ஒட்டினது என்றேன். “அட, ஆமா!” என்று ரசத்தை ஊற்றிக்கொண்டான்.

மறுநாள்தான் கொட்டகையில் சாக்குகளை விரித்தேன்.

முடியாது என்பதன் சந்தோஷம்

பிள்ளைகளுக்கு விளையாட்டு விதிகள் நிமிஷத்தில் பிடிபட்டன. ஒரு சமயத்தில் ஒருவர்தான் எழுந்திருக்கலாம். காலிச் சாக்கில்தான் உட்காரலாம். ராணியும் மாரியாயியும் பக்கத்தில் வரக்கூடாது. மற்றபடி இஷ்டம்போல் தாவலாம்.

முருகேசன் மட்டும் தாவ மாட்டேன் என்றான். நிஜப் பெருமாளும் அதைத்தான் சொல்லியிருந்தார். “எல்லாரும் எப்பிடியோ மாறிக்குங்க, எம்பட ஊட்டுக் கதவத் தட்டாதீங்க.” பையன் அதை அப்படியே நடித்தான்.

எத்தனையோ விதமாக ஆட்டிப் பார்த்தோம். அண்ணன் நாலுக்குப் போனான், மாரியாயி இரண்டுக்கு வந்தாள், அண்ணன் முதல் சாக்குக்குப் போனான். ஒவ்வொரு தடவையும் கடைசியில் பிள்ளைகள் “சண்டை! சண்டை!” என்று கத்தினார்கள்.

அப்போதுதான் முருகேசனைப் பார்த்தேன். நடுவில், கையைக் கட்டிக்கொண்டு.

அவனுக்கு இந்தப் பக்கம் இரண்டு சாக்கு. அந்தப் பக்கம் இரண்டு சாக்கு. மாரியாயி ஒரு பக்கம், ராணி ஒரு பக்கம். இவர்களில் யாராவது ஒருத்தி முதலில் பக்கம் மாறித்தான் ஆக வேண்டும். மாறினால் அங்கே இருப்பது இரண்டே இடம். ஒன்றில் எதிராளி. மிச்சம் இருப்பது அவளுக்கு ஒட்டின இடம்!

இன்னும் நூறு தடவை ஆடினாலும் இதுதான். பெருமாள் நடுவில் அசையாமல் இருக்கும்வரை அவர்கள் பக்கம் மாறவே முடியாது. ஆடிப் பார்த்துச் சலித்ததால் சொல்லவில்லை. ஆடாமலே தெரிந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு சத்தியம் செய்யலாம்.

பள்ளிக்கூடத்தில் எத்தனையோ தேற்றங்களை மனப்பாடம் செய்திருக்கிறேன். எல்லாம் யாரோ எப்போதோ கண்டுபிடித்து, எனக்கு ஒப்பிக்கக் கொடுத்தவை. இது என்னுடையது. தகரக் கொட்டகையில், மூக்கு ஒழுகும் பிள்ளைகளுக்கு நடுவில், எனக்கே எனக்கென்று கிடைத்தது.

பிள்ளைகளைக் கொட்டகை ஆயாவிடம் விட்டுவிட்டுத் தூறலில் ஜீப் ஷெட்டுக்கு ஓடினேன். அண்ணன் வண்டிக்கு அடியிலிருந்து தலையை நீட்டினான்.

“அண்ணா, முடியாது! முடியவே முடியாது!”

“என்னடி முடியாது?”

சொன்னேன். தரையில் நட்டு போல்ட்டுகளை வைத்துக் காட்டினேன். கேட்டுவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். “முடியாதுங்கறதுக்கா இப்பிடிக் குதிக்கற?”

“முடியாதுன்னு இல்லீண்ணா. பெருமாளண்ணன் நவுராட்டி முடியாது. நவுந்தா?”

அவன் கிரீஸ் கையோடு நடு போல்ட்டை எடுத்துக் காலி இடத்தில் வைத்தான். நான் அடுத்ததை நகர்த்தினேன். அவன் அதற்கடுத்ததை. ஐந்தாவது நகர்த்தலில் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ராணி குழாயோரம், மாரியாயி மேட்டில், நாங்கள் எங்கள் வீட்டில், பெருமாளும் திரும்பத் தன் வீட்டிலேயே. இடையில் ஒரு ராத்திரிகூடச் சண்டை இல்லை!

ஒரு சின்னக் கிளைக்கதை

பிற்பாடு சம்பளத்தில் கொஞ்சம் சேர்த்துச் சேலத்துக் கல்லூரியில் கணிதம் படித்தபோது, ஹாஸ்டல் அறையில் ஒரு பலகையில் வட்டமாக ஆணி அடித்து, நூலால் முக்கோணம் முக்கோணமாகக் கட்டி வைத்திருந்தேன். உள்ளே ஒரு நூலை அவிழ்த்தால் நாலு மூலைக் கட்டம் ஒன்று கிடைக்கும். அதன் மற்ற இரண்டு மூலைகளுக்கு நூலை மாற்றிக் கட்டலாம். இப்படி ஒவ்வொரு நூலாக மாற்றி, எந்தக் கோலத்திலிருந்தும் எந்தக் கோலத்துக்கும் போய்விடலாமா?

தோழிகள் படம் பார்க்கப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை விடை கிடைத்தது. போகலாம். உள்ளே இருக்கும் எல்லா நூலும் ஒரே ஆணியிலிருந்து விசிறி மாதிரி விரியும் வரை மாற்ற வேண்டும். அந்த ஆணிக்கு ஒவ்வொரு நூலாகக் கூட்டிக்கொண்டே வர எப்போதும் வழி இருக்கும். எந்தக் கோலமும் விசிறியாகும். விசிறியிலிருந்து வந்த வழியே திரும்பினால் எந்தக் கோலமும் கிடைக்கும். இது எப்போதோ தெரிந்த விஷயம் என்று புரொபசர் சொன்னார். என் சந்தோஷம் ஒன்றும் குறையவில்லை. அன்று சாயங்காலம் ஹாஸ்டல் மாடியில் தனியாகப் பாட்டுப் பாடிக்கொண்டு நடந்தேன்.

கோழி ஒரு குடும்பமா?

மறுபடி எஸ்டேட்டுக்கு வருகிறேன். அண்ணனும் நானும் பெருமாளிடம் போனோம். நாற்பது வயசு மனிதர், முரட்டு மீசை. கதவைப் பாதி திறந்து நின்றார்.

“ஏழெட்டு நாள்தானுங்க அண்ணா. திரும்ப இதே ஊட்டுக்கு வந்துரலாம்” என்றேன்.

“முடியாது கண்ணு.”

“ஏனுங்க?”

அவர் கதவை இன்னும் கொஞ்சம் திறந்தார். அடுப்புக்குப் பக்கத்து மூலையில், உமி போட்ட கூடையில் ஒரு கறுப்புக் கோழி அடையில் இருந்தது. எங்களைப் பார்த்துச் சிலிர்த்தது.

“ஒரு வாரத்துல பொரிச்சிரும். இப்பப் போயி நவுத்துனா முட்டையுட்டு எந்திரிச்சிரும். அத்தனையும் கூமுட்டையாயிரும். போன தடவை கீரி வந்து எல்லாத்தையும் தின்னுட்டுப் போயிருச்சு. இந்தத் தடவை நான் உட மாட்டேன்.”

எஸ்டேட் பெரிய மனிதர்கள் யாரும் அவரை ஏன் என்று கேட்கவில்லை. முரட்டு ஆள் என்று விட்டுவிட்டார்கள். அவரும் கோழிக்காக என்று சொல்ல வெட்கப்பட்டிருக்கிறார்.

அண்ணன் தலையைச் சொறிந்தான். எனக்கோ அன்று எல்லாமே பிரகாசமாகத் தெரிந்தது.

“கோழி இங்கயே இருக்கட்டுமுங்க. நீங்க மட்டும் நாலாவதுக்குப் போங்க.”

“இந்த ஊட்டுக்கு வரப்போறது ஆரு? மாரியாயியா? அது கொழம்பு வெச்சிரும்!”

வாசலுக்கு வெளியே எங்கிருந்தோ மாரியாயியின் குரல் வந்தது. “உங்க கோழிய நாங்க எதுக்குத் திங்கறோம்? எங்களுக்கு நாக்கு இல்லையா? அந்தக் கெழட்டுக் கறியத் திங்கறதுக்கு!”

பெருமாளுக்கு மீசை துடித்தது. பிறகு, யாரும் எதிர்பாராமல், சிரித்துவிட்டார்.

ரைட்டரிடம் போய், காலி செய்த வீட்டில் கோழி இருக்கலாமா என்று கேட்டேன். அவர் உத்தரவை எடுத்து இன்னொரு தரம் படித்தார். “உத்தரவுல குடும்பம்னுதான் போட்டிருக்குது. கோழி குடும்பத்துல சேராது. அந்த மூலைய உட்டுட்டுச் சுண்ணாம்பு அடிங்க.”

ஊர்வலம்

பெருமாள்தான் முதலில் நகர்ந்தார். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு கம்பளி, ஒரு டார்ச் லைட். நாலாவது வீட்டு வாசலில் நின்று, “கோழிக்குத் தண்ணி வெக்க மறந்துராதீங்க” என்று மூன்று தரம் சொன்னார்.

நடு வீடு சுண்ணாம்பு அடித்துக் காய்ந்ததும், மாரியாயி குழாயடி வீட்டைக் காலி செய்துவிட்டு அங்கே வந்தாள். அவளுக்கும் ராணிக்கும் நடுவில் இப்போது பெருமாள் இருந்தார். மாரியாயி பையன் அன்று ராத்திரி இழுக்காமல் தூங்கினான் என்று காலையில் அவளே வந்து சொன்னாள்.

ராணி வீடு மாறிய நாள் லைன் முழுவதும் வாசலில் நின்றது. மேட்டுக் கோடியிலிருந்து குழாய்க் கோடி வரை, எல்லார் வீட்டு வாசலையும் தாண்டி அவள் நடந்து வர வேண்டும். தலையில் சாமான் வைக்க விடவில்லை. கையில் ஒரு சாமி படம் மட்டும். செல்வன் பின்னால் அண்டா குண்டாக்களோடு வந்தான்.

மாரியாயி தன் வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். வழியில் அவள் விறகுகள் குறுக்கே கிடந்தன. ராணி நெருங்கினாள். மாரியாயி தலையைத் தூக்கவில்லை. காலை நீட்டி, விறகை ஒவ்வொன்றாக ஓரத்துக்குத் தள்ளினாள். வழி கிடைத்ததும் ராணி தாண்டிப் போனாள். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

பேசித்தான் ஆக வேண்டுமா என்ன?

அடுத்த இரண்டு நாளில் குஞ்சு பொரித்தது. ஒன்றைத் தவிர எல்லாம் உயிரோடு வந்தன. மாரியாயி அவற்றை முறத்தில் எடுத்துக்கொண்டு போய்ப் பெருமாள் முகத்துக்கு நேராக நீட்டி, “எண்ணிப் பாத்துக்குங்க, நாளைக்குக் கொற சொல்லாதீங்க” என்றாள். பிறகு அவள் மேட்டு வீட்டுக்குப் போனாள். பெருமாள் தன் வீட்டுக்குத் திரும்பினார். நாலாவது வீட்டில் சுண்ணாம்பு வாசம் போவதற்குள் ஃபிட்டர் குடும்பம் ஜீப்பில் வந்து இறங்கியது. மயிரிழையில் தப்பினோம்!

ராணிக்குச் சேலம் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. மாரியாயியும் ராணியும் ராசியானார்களா என்று கேட்பீர்கள். இல்லை. நான் அங்கே இருந்தவரை ஆகவில்லை. ஒருத்தி இந்தக் கோடியிலும் ஒருத்தி அந்தக் கோடியிலும் சந்தோஷமாக இருந்தார்கள்.

பக்கத்து லைன்

விஷயம் பரவிவிட்டது. பொங்கலுக்கு முன்னால், குப்பனூர் ரோட்டுப் பக்கம் இருந்த பெரிய லைனிலிருந்து ஒரு மேஸ்திரி வந்தார். “ஊடு மாத்தற டீச்சர் ஆருங்க?”

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் என்னை ஜீப்பில் கூட்டிக்கொண்டு போனான். பனி விலகியதும் பார்த்தேன். ஒரு வரிசை இல்லை, எதிரெதிராக இரண்டு வரிசை. ஒரு பெரிய கூட்டம் எனக்காகக் காத்திருந்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். இவருக்கு ஒழுகாத வீடு வேண்டும், அவளுக்குத் தங்கை பக்கத்தில் வேண்டும், இன்னொருவருக்குக் குடிகாரப் பங்காளியிடமிருந்து தூரமாக வேண்டும்.

நான் இரண்டு வரிசையையும் விரலால் எண்ணினேன். 

“காலி ஊடு எதுங்க?” என்று கேட்டேன்.

மேஸ்திரி திகைத்தார். “காலி ஊடா? ஒண்ணுகூடக் கெடையாதுங்களே.”

“ஒண்ணாவது காலியா இருந்தாத்தானுங்க ஆரம்பிக்க முடியும். ஆராச்சும் ஒரு குடும்பம் பத்துப் பாஞ்சு நாளு வெளியூர் போயிட்டு வரோணும்.”

கூட்டத்தில் எல்லாரும் பக்கத்திலிருப்பவரைப் பார்த்தார்கள். அப்போது பின்னாலிருந்து ஒருத்தி, இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகப் பிள்ளைகளோடு, முட்டித் தள்ளி முன்னால் வந்தாள்.

“எங்க ஊட்ட எடுத்துக்கங்க டீச்சர்!”

“உங்களுக்கு எந்த ஊடு வேணுமுங்க?”

“எனக்கு எந்த ஊடும் வேண்டாமுங்க, இருக்கறதே போதும். எங்கம்மாவப் பாத்து ரெண்டு வருசமாச்சு. லீவு கேட்டாக் குடுக்க மாட்டேங்கறாங்க.” மேஸ்திரியைத் திரும்பிப் பார்த்தாள். “இப்பக் குடுத்துத்தானுங்களே ஆகோணும்?”

கூட்டம் ‘ஓ’ என்று சிரித்தது. மேஸ்திரியும் சிரித்துவிட்டார். நான் பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, காப்பி காயப்போடும் சிமெண்டுக் களத்தில் மண்டி போட்டு, முதல் கட்டத்தை வரைந்தேன்.